ஒட்டகத்தின் வேகத்தில் தார் பாலைவனம்

பிகானேர், வந்து இறங்கிய நாள்

மதுரையிலிருந்து பிகானேருக்கு வாரம் ஒருமுறை அனுவ்ரத் எக்ஸ்பிரஸ் ஓடுகிறது. பாலைவனம் பார்க்க ஆசைப்பட்டு ஜெய்ப்பூருக்கு விமானக் கட்டணம் பார்த்து மலைத்து நிற்பவர்கள் இந்த ரயிலை யோசியுங்கள். ஏறிப் படுத்தால் நாட்டின் பாதியை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போய்ச் சேரலாம். நண்பனுக்கும் எனக்கும் ஆளுக்கொரு முதுகுப்பை. அதில் பாதிக்கு மேல் கம்பளித் துணிதான். ஜனவரி மாதப் பாலைவனம் பகலில் இதமாகவும் ராத்திரியில் எலும்பைக் குடைகிற குளிராகவும் இருக்கும் என்று போய்வந்தவர்கள் எல்லோருமே எச்சரித்திருந்தார்கள், அது உண்மைதான்.

ராஜஸ்தான் கோட்டை என்றால் மலை உச்சி என்றுதான் மனதில் பதிந்திருக்கிறது. பிகானேரின் ஜூனாகட் கோட்டை அப்படி இல்லை, சமதரையில் ஊருக்கு நடுவே நிற்கிறது. ராஜா ராய் சிங் 1589-ல் தொடங்கி 1594-ல் கட்டி முடித்தது. உள்ளே அனூப் மஹாலில் தங்கப் பூச்சு மின்னுகிறது, கூட்டமும் அங்கேதான். எனக்குப் பிடித்தது பாதல் மஹால், அதாவது மேக மாளிகை. சுவர் முழுக்க நீல மேகங்கள், இடையில் மின்னல், கீழே கோடு கோடாக மழை. மழை எப்போதாவதுதான் எட்டிப் பார்க்கிற ஊர், அரண்மனைப் பிள்ளைகள் மேகத்தைக் கண்டு பயப்படக் கூடாது என்று இப்படி வரைந்ததாக அங்கிருந்த வழிகாட்டி சொன்னார். அந்தக் கதை உண்மையோ இல்லையோ, அந்த அறையில் வெகுநேரம் நின்றோம்.

சாயங்காலம் பழைய ஊர்ச் சந்துகளில் நடை. சுடச்சுட புஜியா பிழிந்து எடுக்கிறார்கள். கடலை மாவோடு மோத் என்கிற சின்னப் பயறின் மாவும் சேருவதுதான் பிகானேர் புஜியாவின் ருசி. 2010-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. ஒரு பொட்டலம் வாங்கிப் பையில் போட்டோம், அறைக்குப் போவதற்குள் தீர்ந்துவிட்டது.

பிகானேர், மறுநாள்

காலையில் பஸ் பிடித்து தேஷ்நோக் போனோம், எலிகள் ஓடித் திரியும் கர்ணி மாதா கோயில். ஆயிரக்கணக்கான எலிகள், பெரிய பெரிய தட்டுகளில் பால், அதைச் சுற்றி வரிசையாக அவை குடிப்பதைப் பார்க்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், சாக்ஸ் போட்டுக்கொள்ளலாம். வெள்ளை எலி கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம் என்கிறார்கள், எங்களுக்குப் படவில்லை.

மதியத்துக்கு மேல் ஜோர்பீரில் இருக்கும் தேசிய ஒட்டக ஆராய்ச்சி மையத்துக்குப் போனோம். 1984-ல் தொடங்கிய நிறுவனம். ஒட்டகம் ஏறப் போகிறவர்கள் ஏறுவதற்கு முன்னால் இங்கே ஒரு அரை நாள் செலவிடுங்கள் என்று அழுத்திச் சொல்வேன். பிகானேரி, ஜெய்சால்மேரி, கட்ச்சி, மேவாரி என்று இனங்களைப் பிரித்துக் காட்டுகிறார்கள். பிகானேரி கட்டுமஸ்தானது, பாரம் இழுக்க. ஜெய்சால்மேரி கால் நீண்டு மெலிந்தது, ஓட. திமிலில் இருப்பது தண்ணீர் இல்லை, கொழுப்பு. தண்ணீரைச் சேமிக்கும் வேலையை உடம்பு வேறு விதமாகச் செய்கிறது. ராத்திரியில் உடல் வெப்பத்தை 34 டிகிரி வரை இறக்கிக்கொண்டு, பகலில் 40 டிகிரி வரை ஏறவிட்டு, அதுவரை வியர்க்காமலே இருந்துவிடும். நமக்கு அது கடும் காய்ச்சல், அதற்கு அன்றாடம். தண்ணீர் கிடைக்கும்போது பத்து பதினைந்து நிமிடத்தில் 100 லிட்டர் குடித்துவிட முடியும், அந்த வேகத்தில் தண்ணீர் ஏறினாலும் வெடித்துவிடாதபடி அதன் ரத்தச் சிவப்பணுக்கள் முட்டை வடிவத்தில் இருக்கின்றன.

குளிர்காலம் ஆண் ஒட்டகங்களுக்கு இணை தேடும் பருவம். ஒரு பெரிய ஆண் வாய் ஓரத்தில் நுரை தள்ள நின்றுகொண்டிருந்தது. திடீரென்று கொளகொளவென்று ஒரு சத்தம், வாயிலிருந்து இளஞ்சிவப்பாக ஒரு பலூன் வெளியே தொங்கியது. அதற்கு ஏதோ ஆகிவிட்டது என்று நண்பன் பதறிப்போய் ஊழியரைக் கூப்பிட்டான். அது மேலண்ணத்தின் மென்மையான பகுதிதான், பெண் ஒட்டகத்தைக் கவரவும் மற்ற ஆண்களை மிரட்டவும் காற்றடைத்து வெளியே தள்ளுகிறது என்று அவர் பொறுமையாக விளக்கினார். இந்தப் பருவத்தில் ஆண் ஒட்டகத்தின் வாய்ப்பக்கம் போகாதீர்கள் என்றும் சொன்னார்.

வாசலில் ஒட்டகப் பால் விற்கிறார்கள், குல்ஃபியும் உண்டு. பால் லேசாக உப்புக் கரிக்கிறது. குல்ஃபியில் அது தெரியவில்லை, இரண்டாவதும் கேட்டு வாங்கினோம்.

ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 4 லட்சம் ஒட்டகங்கள் இருந்தன, 2019-ல் அது சுமார் இரண்டரை லட்சமாகிவிட்டது. டிராக்டரும் ஜீப்பும் வந்த பிறகு பாரம் இழுக்க ஒட்டகம் யாருக்கும் தேவைப்படவில்லை, மேய்ச்சல் நிலமும் சுருங்கிக்கொண்டே வருகிறது. 2014-ல் ராஜஸ்தான் அரசு ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்தது. 2015-ல் கொல்லவும் மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோகவும் தடை போட்டுச் சட்டம் வந்தது. நல்ல எண்ணத்தில் வந்த சட்டம்தான். ஆனால் வெளி மாநில வியாபாரிகள் வாங்க வர முடியாமல் போனதால் சந்தையில் விலை விழுந்தது, தலைமுறை தலைமுறையாக ஒட்டகம் வளர்த்த ரைக்கா மக்கள்தான் அடிபட்டார்கள். விற்க முடியாத விலங்கை எத்தனை நாள் மேய்ப்பார்கள்? காக்க நினைத்தால் முதலில் வளர்ப்பவரிடம் அல்லவா கேட்டிருக்க வேண்டும்?

இதே பிகானேர்தான் 1889-ல் கங்கா ரிசாலா என்ற ஒட்டகப் படையை உருவாக்கி, முதல் உலகப் போரில் சூயஸ் கால்வாய் வரை அனுப்பிய ஊர். இன்றைக்கும் எல்லைப் பாதுகாப்புப் படையில் ஒட்டகப் பிரிவு இருக்கிறது.

பலோதி

ஜெய்சால்மருக்கு நேராகப் போகாமல் வழியில் பலோதியில் இறங்கினோம். பக்கத்தில் கீச்சன் என்று ஒரு கிராமம். குளிர்காலம் முழுக்க ஆயிரக்கணக்கில் சின்னக் கொக்குகள், இங்கே குர்ஜா என்கிறார்கள், மங்கோலியா பக்கமிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் இங்கே வந்து தங்குகின்றன. ஊர் மக்களே வேலி போட்ட ஓர் இடத்தில் தானியம் கொட்டி வைக்கிறார்கள். பொழுது விடிந்ததும் ஒரு கூட்டம் இறங்கும், தின்னும், கிளம்பும், அடுத்த கூட்டம் வரும். தலைக்கு மேலே வானமெல்லாம் ஒரே கத்தல், பக்கத்தில் நிற்பவரிடம் பேச முடியாது. ஒரு வீட்டு மொட்டை மாடியில் ஏறிப் பார்க்கச் சொன்னார்கள், காசு கேட்கவே இல்லை, டீயும் கொடுத்தார்கள். 2025-ல் கீச்சனை உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பாலைவன எல்லையில் ஈரநிலமா என்று கேட்பீர்கள், ஊரின் குளங்களைப் பார்த்தால் புரியும்.

ஜெய்சால்மர்

பஸ்ஸிலிருந்து பார்க்கும்போது தூரத்திலேயே மஞ்சள் கல்லில் கோட்டை தெரிந்துவிட்டது. ராவல் ஜெய்சல் 1156-ல் நிறுவிய ஊர். இந்தக் கோட்டைக்குள் இன்றும் ஆயிரக்கணக்கான பேர் குடியிருக்கிறார்கள். துணி காய்கிறது, பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், கோயில் மணி அடிக்கிறது, ஒரு மாடு குறுகிய சந்து ஒன்றை அடைத்துக்கொண்டு படுத்திருக்கிறது. 2013-ல் ராஜஸ்தானின் ஆறு மலைக்கோட்டைகளை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது அதில் இதுவும் ஒன்று.

தங்குவதற்குக் கோட்டைக்குள்ளேயே நிறைய விடுதிகள் உண்டு, ஜன்னலைத் திறந்தால் பாலைவனம் என்று விளம்பரமும் உண்டு. நாங்கள் வெளியே கீழ் ஊரில்தான் அறை எடுத்தோம். தண்ணீரைத் தலையில் சுமந்து கொண்டுவந்து சொட்டுச் சொட்டாகச் செலவழித்த காலத்துக் கோட்டை இது. குழாயும் ஃப்ளஷ் கழிவறையும் வந்த பிறகு கசிகிற நீர் மலையின் களிமண்ணில் இறங்கி, அடித்தளம் இளகி, மதில்களும் கொத்தளங்களும் ஆங்காங்கே சரிந்திருக்கின்றன. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் இருக்கட்டும், அது அவர்கள் வீடு. ஒரு ராத்திரிக்கு வருகிற நாம் அங்கே குளிக்கத்தான் வேண்டுமா? கீழே தங்கினால் கோட்டையை முழுசாகப் பார்க்கலாம் என்பது கூடுதல் லாபம்.

பட்வோன் கி ஹவேலி ஐந்து மாளிகைகளின் தொகுப்பு, 1805-ல் முதல் மாளிகையைத் தொடங்கினார்களாம். கல்லில் இவ்வளவு மெல்லிய சல்லடை ஜன்னல்களை எப்படிச் செதுக்கினார்கள் என்று கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்தச் செல்வம் எல்லாம் ஒட்டகத்தின் முதுகில் வந்தது என்பதை இங்கே வந்தவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். சிந்து பக்கமிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வணிகச் சாத்துகள் வரும், தங்கும், சுங்கம் கட்டும், போகும். பம்பாய்த் துறைமுகம் வளர்ந்து சரக்கு கடலுக்குப் போனதும் ஊர் இளைத்தது. 1947-ல் எல்லைக்கோடு விழுந்ததும் மேற்கு வழி அடியோடு அடைபட்டது. இப்போது ஊரை நடத்துவது நம்மைப் போல் வருகிறவர்களின் காசுதான்.

மாலையில் கடிசர் ஏரி. 14-ஆம் நூற்றாண்டில் வெட்டியது, குழாய் வரும் வரைக்கும் ஊருக்கே குடிநீர் இதுதான். கோட்டைக்கு இத்தனை பேர் வருகிறார்கள், ஏரிக்கு வந்தால் படகு ஓட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆண்டு மழை சுமார் 200 மில்லிமீட்டரே பெய்கிற இடத்தில் ஓர் ஊரை நூற்றாண்டுக் கணக்கில் பிழைக்க வைத்தது இந்த ஏரி, சென்னையில் பெய்வது 1,400 மில்லிமீட்டர். படிக்கட்டில் உட்கார்ந்து அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

கூரி, ஒட்டகத்தில்

சம் மணல் குன்றுகள் ஊரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர், பிரபலமான இடம். நேற்று அங்கிருந்து திரும்பிய இருவர் விடுதியில் சொன்னதைக் கேட்டோம்: வரிசையாகக் கூடாரங்கள், ஒலிபெருக்கி, மணலில் சீறும் ஜீப்புகள், அரை மணி நேர ஒட்டகச் சவாரி. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அது வசதி. எங்களுக்கு வேண்டியது வேறு. தென்மேற்கே கூரி என்ற கிராமத்துக்கு பஸ்ஸில் போய், ஒட்டகம் வைத்திருக்கும் குடும்பத்திடமே நேரில் பேசினோம். ஓர் இரவு வெளியே தங்க ஆளுக்கு 2,000 ரூபாய், சாப்பாடு சேர்த்து. நடுவில் ஆள் இல்லாததால் காசு முழுக்க ஒட்டகம் வளர்ப்பவர் கைக்கே போகிறது.

கூட வந்தவருக்கு அறுபது வயது இருக்கும். எல்லோரும் அவரைக் காகா சா என்றார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். ‘ராம் ராம் சா’ என்று நாங்கள் கும்பிட்டதும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு மோதி என்ற ஒட்டகம், நண்பனுக்கு வயதில் இளையது ஒன்று.

ஏறும்போது கவனம் வேண்டும். ஒட்டகம் எழும்போது பின்னங்கால்கள்தான் முதலில் நிமிரும், நாம் முன்பக்கமாகக் கவிழப் பார்ப்போம், உடனே முன்னங்கால்கள் நிமிர்ந்து பின்னால் தள்ளும். சேணத்தின் முன்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு உடம்பைப் பின்னுக்குச் சாய்க்கச் சொன்னார் காகா சா. உட்காரும்போது இதற்கு நேர் எதிர், முன்முழங்கால் முதலில் மடங்கும், அப்போதும் பின்னுக்குச் சாய வேண்டும். நடக்க ஆரம்பித்ததும் அம்மியில் அரைப்பவர்களைப் போல இடுப்பு தானாக முன்னும் பின்னும் போகிறது. பக்கவாட்டிலும் ஓர் ஆட்டம் உண்டு. ஒரு பக்கத்து முன்காலையும் பின்காலையும் ஒன்றாகத் தூக்கி வைப்பது அதன் நடை. விறைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் முதுகு போய்விடும், உடம்பைத் தளர்த்திவிட்டால் பழகிவிடுகிறது. தொடையின் உள்பக்கம் மட்டும் வலிக்கும், கனமான பேன்ட்டும் சேணத்தின் மேல் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை ஒன்றும் அவசியம்.

மணல் குன்று மட்டுமே பாலைவனம் என்று நினைத்திருந்தால் முதல் மணி நேரத்திலேயே அந்த நினைப்பு போய்விடும். எருக்கஞ்செடி எங்கு பார்த்தாலும். ஆட்டுக்கூட்டம், கம்பு அறுத்த காடு, முள்வேலி, புல் வேய்ந்த வட்டக் குடிசைகள். ஓரிடத்தில் மோதி நின்று ஒரு மரத்தின் கிளையை வளைத்துத் தின்ன ஆரம்பித்தது. நண்பன் அந்த இலையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“டேய், இது நம்ம வன்னி மரம்டா!”

விருத்தாசலம் கோயிலில் சுற்றி வந்து கும்பிடுகிற அதே வன்னிதான். இங்கே கேஜ்ரி. இலை ஆடு, மாடு, ஒட்டகத்துக்குத் தீவனம். காய் சாங்ரி, அதை உலர்த்தி வைத்துக்கொண்டு கேர் என்ற சின்னக் காயோடு சேர்த்துச் சமைத்தால் கேர் சாங்ரி. வேர் ஆழத்துக்குப் போய் நீரைத் தேடிக்கொள்ளும், அடியில் விதைக்கிற பயிரைக் கெடுக்காது. அதனால்தான் உழுகிற நிலத்தின் நடுவிலேயே விட்டுவைத்திருக்கிறார்கள். 1983-லிருந்து மாநில மரமும் இதுவே.

ஒரு குடிசை வாசலில் நின்றபோது தரையில் வட்டமாகச் சாணமும் மண்ணும் கொண்டு மெழுகிய பெரிய தளம் ஒன்றைப் பார்த்தோம், நடுவை நோக்கிச் சரிந்திருந்தது. நடுவில் மூடி போட்ட ஒரு தொட்டி. டாங்கா என்கிறார்கள். விழுகிற மழையெல்லாம் சரிந்து தொட்டிக்குள் போய்விடும், குடும்பத்துக்கான குடிநீர் அது. எங்களுக்கு ஒரு செம்பு கொடுத்தார்கள். ஜூலையில் பெய்ததை ஜனவரியில் குடிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே மீதம் வைக்காமல் குடித்தோம். அந்த வீட்டுப் பாட்டி ராப்டியும் கொடுத்தார். கம்பு மாவை மோரில் கரைத்துக் காய்ச்சியது. கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் கம்மங்கூழ்தான், நண்பன் இரண்டு முறை வாங்கிக்கொண்டான், பாட்டிக்கு அவன் மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது.

சூரியன் இறங்கும்போது குன்றுகளுக்கு நடுவில் இறங்கினோம். காகா சா காய்ந்த சுள்ளிகளைப் பொறுக்கிவந்து தீ மூட்டி, கம்பு மாவைக் கையிலேயே தட்டி ரொட்டி சுட்டார். மேலே நெய், பக்கத்தில் பூண்டுச் சட்னி. பாத்திரங்களை மணலாலேயே தேய்த்துச் சுத்தம் செய்தார், ஒரு சொட்டுத் தண்ணீர் செலவில்லை. சாப்பிடும்போது, முன்பு எத்தனை ஒட்டகம் இருந்தன என்று கேட்டேன். அப்பா காலத்தில் நாற்பதுக்கு மேல், இப்போது ஐந்து என்றார். மகன் ஜெய்சால்மரில் ஜீப் ஓட்டுகிறான். ‘ஜீப்புக்கு ராத்திரியில் தீனி வேண்டாமே’ என்று அவரே அவனுக்காகப் பேசினார். நீங்கள் ஏன் விடவில்லை என்று நண்பன் கேட்டதற்கு, ‘இதுங்களை யாரிடம் விடுவது?’ என்றார். வேறு பேச்சுக்குப் போய்விட்டோம்.

தூங்கப்போகும்முன் ஒட்டகங்களின் முன்னங்கால்கள் இரண்டையும் சின்ன இடைவெளி விட்டுக் கயிற்றால் பிணைத்து மேய விட்டுவிட்டார். கூடாரம் கிடையாது, மணலில் மெத்தை, மேலே கனத்த ரஜாய்கள். ஐந்தாறு டிகிரிதான் இருக்கும், மூக்கு மட்டும் வெளியே இருந்தது, அது மரத்துப்போனது. நிலா இல்லாத இரவு. ஓரியன் உச்சியில் நின்றது, தூரத்தில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் ஒரே சமயத்தில் மினுக்கின. அந்தக் காற்றாலைகளின் மின்கம்பிகளில் மோதித்தான் கானமயில் என்கிற பெரிய பறவைகள் சாகின்றன. காட்டில் மிஞ்சியிருப்பவை சுமார் 150தான், அவற்றில் பெரும்பாலானவை இந்த மாவட்டத்தில். சிறு வயதில் மந்தையாகப் பார்த்ததாகக் காகா சா சொன்னார்.

விடிந்து பார்த்தால் ஒட்டகங்களைக் காணோம். எங்களுக்குத்தான் பதற்றம், அவர் டீ குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார். மணலில் கால்தடம் பார்த்துக்கொண்டே போய், முக்கால் மணி நேரத்தில் இரண்டையும் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். நூறு ஒட்டகத் தடத்திலும் தன் ஒட்டகத்தின் தடம் தெரியுமாம். திரும்பும் வழியில் தடங்களைக் காட்டிப் பாடமே எடுத்தார்: இது வண்டு, இது நரி, இது நேற்று மாலை போன ஆடு.

குல்தாரா வழியாக

ஜெய்சால்மர் திரும்பும்போது ஒரு ஜீப்பில் இடம் கிடைத்தது, குல்தாராவில் நிறுத்தினார்கள். 19-ஆம் நூற்றாண்டில் பாலிவால் பிராமணர்கள் விட்டுப்போன ஊர். பேய்க் கதை கேட்கத்தான் கூட்டம் வருகிறது. பேயை விடுங்கள், அந்த மக்களின் கடீன் முறையைக் கேட்டு வாருங்கள். பாறைச் சரிவிலிருந்து வரும் மழை நீரைத் தாழ்வான நிலத்தில் நீண்ட மண் கரை போட்டு நிறுத்துவார்கள். நீர் வற்றியதும் ஊறிய அந்த மண்ணில் கோதுமையும் கடலையும் விதைப்பார்கள், அதற்குமேல் ஒரு துளி மழை வேண்டாம். ஜெய்சால்மர் பக்கம் இன்றும் கடீன்களில் விவசாயம் நடக்கிறது.

ஜோத்பூர்

ரயிலில் பொக்ரான் வழியாக ஜோத்பூர். மெஹ்ரான்கட் கோட்டை, ராவ் ஜோதா 1459-ல் தொடங்கியது, கீழே நீல வீடுகள். மிளகாய் வடையும் மக்கனியா லஸ்ஸியும் ஆயின. கோட்டையைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் இரண்டு வேறு இடங்களைச் சொல்கிறேன்.

ஒன்று கேஜட்லி கிராமம், ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1730-ல் அரண்மனை வேலைக்குச் சுண்ணாம்பு சுட மன்னரின் ஆட்கள் வன்னி மரங்களை வெட்ட வந்தபோது அம்ருதா தேவி என்ற பிஷ்னோய் சமூகத்துப் பெண் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார், அவரை வெட்டினார்கள். அடுத்தடுத்து வந்து மரங்களைக் கட்டிக்கொண்டவர்களையும் சேர்த்து 363 பேர் உயிர்விட்டார்கள். நினைவிடத்தில் வன்னி மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. அவற்றின் அடியில் நிற்கும்போது தொண்டை அடைத்தது.

இன்னொன்று கோட்டைக்கு அடியிலேயே இருக்கும் ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா. சுமார் 70 ஹெக்டேர் எரிமலைப் பாறை நிலம், முழுக்க சீமைக்கருவேலம் மூடியிருந்ததாம். 1930-களில் இங்கே விமானத்திலிருந்து அதன் விதையைத் தூவினார்கள் என்கிறார்கள். 2006-ல் இயற்கை ஆர்வலர் பிரதீப் கிரிஷன் தலைமையில் வேலையைத் தொடங்கினார்கள். வெட்டினால் துளிர்க்கும், தெரிந்ததுதானே. அதனால் பரம்பரையாகக் கல் உடைக்கும் கண்ட்வாலியா மக்களைக் கூப்பிட்டார்கள். பாறையைத் தட்டிச் சத்தத்தை வைத்தே எங்கே உடையும் என்று கண்டுபிடித்து, வேர் இறங்கிய பாறையைச் செதுக்கி ஒவ்வொரு மரமாகத் தூரோடு எடுத்தார்கள். அந்தக் குழிகளிலேயே பாலைவனத்தின் சொந்தச் செடிகளை நட்டார்கள், 2011-ல் பூங்காவைத் திறந்தார்கள். இப்போது கள்ளியும் புல்லும் பறவைகளுமாக இருக்கிறது.

நண்பனின் சொந்த ஊர் முதுகுளத்தூர் பக்கம், அவர்கள் நிலத்தில் பாதி சீமைக்கருவேலம்தான். வழிகாட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் விடவில்லை. எவ்வளவு ஆழத்துக்கு வேரை எடுக்க வேண்டும், எடுத்த குழியில் உடனே என்ன நட வேண்டும், மறுபடி முளைத்தால் எத்தனை வருஷம் பிடுங்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு போனில் குறித்துக்கொண்டான். வெளியே வந்ததும் சித்தப்பாவுக்குப் போன் போட்டு, ஊருணிக் கரையிலிருந்து ஆரம்பிக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறான். நாளைக் காலை ரயிலுக்கு நான்தான் இரண்டு பையையும் கட்ட வேண்டும் போலிருக்கிறது.